இஞ்சின் சாமியும் ஐந்து ஜாதகமும்

“உனக்குப் பெட்ரோல் சேருமா, டீசல் சேருமா ஆத்தா?” என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

கேட்டவர் கார்த் தரகர் பால்பாண்டி. கேட்ட இடம் போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஏலக்காய் மூட்டை அடுக்கிவைக்கும் பழைய கிட்டங்கியின் வாசல். அப்போது எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரே எந்திரம் தையல் மிஷின். அதற்குப் பெட்ரோலும் வேண்டாம், டீசலும் வேண்டாம், கால் போதும். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வாயில் வராதது நோட்டில்தான் வரும்.

எண்பத்துநாலாம் வருஷம் அது. ஏலக்காய் விலை ஏறியிருந்தது. ஜீப்பில் பதினான்கு பேரோடு பதினைந்தாவது ஆளாகத் தொங்கிக்கொண்டு மலைமேல் போடிமெட்டு ஏறியவர்களெல்லாம், சொந்தமாக ஒரு சின்னக் கார் வாங்கினால் என்ன என்று யோசிக்கத் தொடங்கினார்கள். யோசிக்கத் தொடங்கியதுமே தொல்லையும் வந்தது. பெட்ரோல் வண்டியா, டீசல் வண்டியா? பெட்ரோல் வண்டி விலை குறைவு, சத்தமும் குறைவு, ஆனால் எண்ணெயை நிறையக் குடிக்கும். டீசல் வண்டி அளவாகக் குடிக்கும், ஆனால் விலை அதிகம், சத்தம் மாவு மில்லைப்போல இருக்கும். கணக்குப் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம். ஆனால் கணக்குப் போட மூளை வேண்டும். சாமியிடம் போக ஒரு தேங்காய் போதும்.

அதனால்தான் நமக்கு இஞ்சின் சாமி கிடைத்தார்.

காவி வேட்டி, கழுத்தில் ஒரு பழைய கார்ச் சாவி, நெற்றி நிறைய விபூதி. எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. பால்பாண்டிதான் அழைத்துவந்து கிட்டங்கியில் உட்காரவைத்தார். செவ்வாய், வெள்ளி, சனி மூன்று நாளும் குறி. ராசிங்காபுரத்திலிருந்து, சில்லமரத்துப்பட்டியிலிருந்து, மலைமேல் எஸ்டேட்டுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் ஜாதக நோட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கார் வாங்க வசதி இல்லாதவர்களும் வந்தார்கள். என்றைக்காவது வாங்கினால் எது சேரும் என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதானே.

சாமி ஜாதக நோட்டைத் திறக்கவே மாட்டார். “எழுத்தைப் பார்க்கிறவன் ஜோசியன். நான் ஓட்டத்தைப் பார்க்கிறவன்” என்பார். மூடிய நோட்டை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடுவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் சாமியின் தொண்டைக்குள் இஞ்சின் கிளம்பும். ‘டுடுடுடுடு’ என்று உதறினால் டீசல். ‘ம்ம்ம்ம்’ என்று வழுக்கினால் பெட்ரோல்.

“கியர் மாத்துறது கூடக் கேக்குதுப்பா!” என்று ஏலக்காய் வியாபாரி ராக்கையா கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

நம் வியாபாரிகளை ஏமாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மூட்டை ஏலக்காய் வாங்குமுன் உள்ளங்கையில் கொட்டிக் குலுக்குவார்கள். நகத்தால் பிளப்பார்கள். மோந்து பார்ப்பார்கள். ஒன்றை வாயில் போட்டுக் கடித்துவிட்டு, “பச்சை கொஞ்சம் மங்கலா இருக்கே” என்று மூக்கைச் சுளிப்பார்கள். அவ்வளவு கெட்டிக்காரர்கள்தான் கார் வாங்கும்போது ஒருவருடைய தொண்டையை நம்பினார்கள்.

என் அக்கா அன்னக்கொடியின் வீட்டுக்காரர் கன்னையன் மச்சானும் ஒரு செவ்வாய்க்கிழமை போனார். அவருக்கு ராசிங்காபுரத்தில் வீடு, மலைமேல் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். அவர்கள் வீட்டிலேயே இருந்த நானும் ஜாதக நோட்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அன்றைக்குத்தான் பால்பாண்டி என்னை அந்தக் கேள்வி கேட்டார்.

மச்சானின் நோட்டு நெற்றிக்குப் போனது. ‘டுடுடுடுடு’. கிட்டங்கியே அதிர்ந்தது.

“டீசல்!” என்றார் சாமி. அத்தோடு விடவில்லை. “இது அக்கினி ஜாதகம். இவன் பெட்ரோல் வண்டியில் ஏறினால் வண்டி மிஞ்சும், ஆள் மிஞ்சமாட்டான்.”

மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. பால்பாண்டிக்கு மலர்ந்துவிட்டது. “மாப்ளே, உம்ம யோகத்தைப் பாருமய்யா! நம்ம கொட்டகையில டீசல் வண்டி ஒண்ணு உமக்குன்னே நிக்கிது.”

போய்ப் பார்த்தோம். ஒரு சின்னக் காரின் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு, எங்கிருந்தோ வந்த பழைய டீசல் இஞ்சினை உள்ளே ஏற்றியிருந்தார்கள். வண்டி முன்பக்கம் குனிந்து நின்றது, யாரையோ கும்பிடுவது போல. ஞாயிற்றுக்கிழமை அக்கா கழுத்துச் சங்கிலியை விற்று முன்பணம் கொடுப்பதென்று மச்சான் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

அக்கா சத்தம் போடவில்லை. மெக்கானிக் மொக்கச்சாமியைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த வண்டியைக் காட்டினாள். மொக்கச்சாமி மூடியைத் திறந்து பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மச்சானிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணே, வாரத்துக்கு எத்தனை வாட்டி மலைக்குப் போவீக?”

“ஒரு வாட்டி.”

“அம்புட்டுத்தானா? தினம் ஓடுறவனுக்குத்தான்ணே டீசலு. கூட வெல குடுத்து வாங்கி, வாரத்துக்கு ஒரு வாட்டி ஓட்டி மிச்சம் பிடிக்கணும்னா, உங்க பேரனுக்கு நரை விழுந்துரும். அத விடுங்க. அந்த வண்டிக்கு முன்பாரம் சாஸ்தி. பிள்ளைகளை ஏத்திக்கிட்டு மெட்டுல பதினேழு வளைவும் இறங்கிப் பாருங்க. பிரேக்கு தாங்காது.”

“பிரேக்கு போனா நீ பாப்ப. கண்டம் வந்தா யாருய்யா பாக்குறது?” என்றார் மச்சான்.

மொக்கச்சாமி அக்காவைப் பார்த்தார். அக்கா கயிற்றுக்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்தாள்.

எங்கள் தோட்டத்துக் காயை ஏலம் விடும் மையத்துக்குக் கொண்டுபோகிறவள் அக்காதான். அங்கே மாதிரிக் காயைத் தட்டில் வைத்து, வியாபாரிகள் பார்க்கச் சுற்றுக்கு விடும்போது தோட்டக்காரர் பேர் இருக்காது. நம்பர் மட்டும்தான் இருக்கும். பேரைப் பார்த்து விலை போடக்கூடாது, காயைப் பார்த்துத்தான் போடவேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குமில்ல. ஒரு சோலி இருக்கு. நோட்டைக் கொண்டா.”

என் நோட்டில் ஐந்து தாள் குறைந்தது. இந்தக் கதையில் எனக்கு உண்டான நஷ்டம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை கிட்டங்கியில் கூட்டம் அலைமோதியது. அக்கா மடித்து ஒட்டிய ஐந்து தாள்களை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். மேலே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று நம்பர் மட்டும்.

“அஞ்சு ஜாதகம் இருக்கு சாமி. பேரு வெளிய தெரிஞ்சா கண்ணு பட்டுரும்னு நம்பர் போட்டுக் கொண்டாந்திருக்கேன். நம்ம ஏலத்துல காய்க்குப் போடுற மாதிரி.”

சாமி கொஞ்சம் தயங்கினார். பால்பாண்டி தயங்கவில்லை. ஐந்து ஜாதகம் என்றால் ஐந்து கார். தட்டை அவரே வாங்கிக்கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தார்.

“அந்தப் பிள்ளை சொல்றதும் நாயந்தான். பேரு எதுக்கு? சாமிக்குத் தெரியாததா!” என்றார் ராக்கையா.

ஒன்றாம் நம்பர் நெற்றிக்குப் போனது. ‘டுடுடுடுடு’. டீசல். இரண்டாம் நம்பர். ‘ம்ம்ம்ம்’. பெட்ரோல். “இவருக்குப் பெட்ரோல்தான் லட்சுமி. டீசல் வண்டி பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது” என்று எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. மூன்றாம் நம்பர் டீசல். நான்காம் நம்பர் பெட்ரோல். ஐந்தாம் நம்பருக்கு வந்த உதறலில் சாமி முன்னால் எரிந்த விளக்கின் திரியே ஆடியது. டீசல்!

நான் கையோடு கொண்டுபோயிருந்த சிலேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன்.

அக்கா தட்டை எடுத்து மச்சான் கையில் கொடுத்தாள். “பிரிச்சுச் சத்தமாப் படிங்க.”

மச்சான் ஒன்றாம் நம்பரைப் பிரித்தார். “ராசிங்காபுரம் கன்னையன்... ஏய், இது என் ஜாதகம்ல?”

“அடுத்ததையும் பிரிங்க.”

“ராசிங்காபுரம்...” மச்சான் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவதைப் பிரித்தார். வேகமாக நான்காவதை. ஐந்தாவதைப் பிரிக்கும்போது பின்வரிசையில் யாரோ, “ராசிங்காபுரம் கன்னையன்!” என்று அவருக்கு முந்திக் கத்திவிட்டார்கள். கிட்டங்கியே சிரித்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

“இவுகளுக்கு மூணு தடவ டீசலு, ரெண்டு தடவ பெட்ரோலு. பெட்ரோல்ல ஏறுனா ஆளு மிஞ்சாதுன்னு செவ்வாக்கெழம சொன்னீக. இன்னைக்குப் பெட்ரோலுதான் லட்சுமிங்குறீக. எதை நம்பி என் பிள்ளைகளை அந்த வண்டியில ஏத்துறது சாமி?” என்று கேட்டாள் அக்கா.

சாமி கண்ணைத் திறந்தார். “கிரகம் நிமிஷத்துக்கு நிமிஷம் நகரும் தாயே!”

“அப்ப ரெண்டாவது வளைவுல பெட்ரோலு, மூணாவது வளைவுல டீசலா? வழியில நிறுத்தி நிறுத்தி இஞ்சினை மாத்தணுமா?”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அப்போது கூட்டத்தில் நின்ற மொக்கச்சாமி மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். “நேத்துச் சாயங்காலம் பால்பாண்டி அண்ணன் கொட்டகைக்குச் சோலியாப் போயிருந்தேன். விக்கிறதுக்கு நின்ன வண்டி அஞ்சு. மூணு டீசலு, ரெண்டு பெட்ரோலு. சாமிக்கு ஓட்டம் தெரியுதோ இல்லையோ, கொட்டகை நல்லாத் தெரியிது.”

பால்பாண்டி கிட்டங்கியின் கூரையில் எதையோ தேடத் தொடங்கினார்.

மச்சான் ஐந்து தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அக்காவின் கழுத்தைப் பார்த்தார். “பால்பாண்டி மாமா, ஞாயித்துக்கிழமை நான் வரல” என்றார். அவ்வளவுதான்.

இத்தோடு எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால் சாமி சொல்லி டீசல் வண்டி வாங்கிய ராக்கையா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் வண்டி காலையில் நாலுபேர் தள்ளினால்தான் கிளம்பும். அவர் சாமியைத் திட்டப்போகிறார் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

“சாமி, அது அவுகளுக்குத் தப்பாப் போயிருக்கலாம். எனக்கு மட்டும் இன்னொருக்காப் பாத்துச் சொல்லுங்களேன்” என்றார் ராக்கையா.

நெற்றியில் நோட்டை வைத்துப் பார்க்கச் சொல்லி அடுத்தவரிடம் கெஞ்சுகிறோம். நம் நெற்றிக்குப் பின்னால் ஒன்று சும்மா கிடக்கிறது. அது ஓடப் பெட்ரோலும் வேண்டாம், டீசலும் வேண்டாம். கிளப்பிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அக்கா என் கையிலிருந்த சிலேட்டை வாங்கி அழித்தாள். ராக்கையா பக்கம் நீட்டினாள்.

“சாமிய விடுங்கண்ணே. நீங்க வாரத்துக்கு எத்தனை மைலு ஓட்டுறீக? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

கார் வாங்கி ஒரு மாதம் ஆகியும் யாரும் அவரைக் கேட்காத கேள்வி அது. ராக்கையாவும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. “தேனிக்கு ஒரு நட... மெட்டுக்கு ரெண்டு நட...” என்று விரல் மடக்க ஆரம்பித்தார். கூட்டமும் அவரோடு சேர்ந்து மடக்கியது. ஆளாளுக்குத் தன் கணக்கைச் சொன்னார்கள், சண்டை போட்டார்கள், சிலேட்டுக்குக் கை நீட்டினார்கள்.

இஞ்சின் சாமி எழுந்தார். துணிப்பையைத் தோளில் மாட்டினார். செருப்பைத் தேடிக் காலில் போட்டுக்கொண்டார். சுவரை ஒட்டியே நடந்து வாசலுக்கு வந்தார். அங்கே நின்றுகொண்டிருந்த என்னை ஒருமுறை பார்த்தார். பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.