4417-க்குப் புரியும்படி ஒரு கடிதம்

"படிங்க," என்றார் மேலாளர்.

எழுத்தர் மூன்றாவது முறையாகப் படித்தார்.

"'ஐயா, தங்கள் குடிநீர் வாரியத்திலிருந்து மாதாமாதம் கடிதம் வருகிறது. எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கிறது. எனக்குப் பார்வை மங்கிவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கும் புரியும்படி அனுப்ப வழி செய்யவும். இப்படிக்கு, இணைப்பு எண் 4417.' அவ்வளவுதான் சார்."

"மாசக் கடைசிக்குள்ள அந்த வாடிக்கையாளர் 'திருப்தி'ன்னு எழுதிக் கொடுக்கணும். இல்லேன்னா அணைக்கட்டு நீரேற்று நிலையத்துல ஒரு இடம் காலியா இருக்கு. நல்ல காத்து வரும்."

மேலாளர் இதை எழுத்தரின் காதைப் பார்த்துச் சொன்னார். அவர் யார் முகத்தையும் பார்த்துப் பேசியது கிடையாது. இரண்டு வருஷமாகக் காகிதத்தையும் தொடுவதில்லை. எது வந்தாலும் "படிங்க"தான். கையெழுத்துப் போடும்போதுகூட அலுவலக உதவியாளர் பக்கத்தில் நின்று, போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். பதவி வந்தால் சில பேருக்கு இப்படித்தான் தலைகால் புரியாமல் போய்விடுகிறது என்பது எழுத்தரின் கருத்து.

அணைக்கட்டு தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எழுத்தரின் மனைவிக்கு ஆறு வருஷம் அலைந்து போன மாதம்தான் பக்கத்துத் தெருப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது.

"நல்ல காத்தா? அப்ப நீங்களே போய் வாங்கிக்கிட்டு இருங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டிட்டுப் போங்க," என்றாள் அவள்.

எழுத்தர் மறுநாளே வேலையில் இறங்கினார்.

எழுத்துதானே சின்னது? பெரிதாக்கினால் தீர்ந்தது. தட்டச்சுப் பெண்மணியிடம் சொல்லி, கணினியில் எவ்வளவு பெரிதாகப் போகுமோ அவ்வளவு பெரிதாக்கினார். நீர் நிறுத்த அறிவிப்பு ஒரு பக்கத்திலிருந்து நாற்பத்தாறு பக்கமாக வளர்ந்தது. பாதியில் கறுப்பு மை தீர்ந்து போனதால், மீதி வாரியத்தின் வெளிர்நீல மையில் அச்சாயிற்று.

ஐந்தாம் நாள் பதில் வந்தது.

"படிங்க," என்றார் மேலாளர்.

"'ஐயா, பக்கத்துக்கு இரண்டு சொல் வீதம் நாற்பத்தாறு பக்கம் கிடைத்தது. பக்க எண் போடவில்லை. மின்விசிறியைப் போட்டதும் எல்லாம் கூடம் முழுக்கப் பறந்தது. தண்ணீர் வராது என்று தெரிகிறது. எந்தக் கிழமை என்பது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நீல எழுத்தெல்லாம் எனக்கு வெறும் தாள்தான்.'"

"கேட்டீங்களா? இருபது வருஷ சர்வீஸ்!" என்றார் மேலாளர், எழுத்தரின் காதிடம்.

அடுத்தது பிரெய்ல். பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, புள்ளிகளால் ஒரு கடிதம் அடித்து வாங்கினார். தடித்த தாள். விரலால் தடவினால் புள்ளிகள் சுகமாகக் குறுகுறுத்தன. எழுத்தர் நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டுத் தபால் பிரிவில் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, எந்தப் பதிலும் வருவதற்கு முன்பே மேலாளர் கூப்பிட்டார்.

"அந்தத் தாளை ஏங்க தேய்ச்சு அனுப்புனீங்க?"

"தேய்ச்சா? நான் ஒண்ணும் பண்ணலையே சார்!"

தபால் பிரிவுக்காரரிடம் ஓடினார். அவர் முப்பது வருஷமாக ஒரு கடிதத்தைக்கூடச் சுருக்கத்தோடு அனுப்பாதவர். அதற்காகவே மரத்தில் ஓர் உருளைத்தடி வைத்திருந்தார்.

"ஆமா சார், நீங்க குடுத்த தாள் ஒரே மேடும் பள்ளமுமா இருந்துச்சு. நம்ம ஆபீஸ் மானம் என்ன ஆகறது? ஒரு மணி நேரம் உருட்டி, நல்லா தட்டையாக்கித்தான் அனுப்பினேன்," என்றார் பெருமையாக.

"அடப்பாவி மனுஷா! அந்த மேடுதான்யா எழுத்து!"

"அதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மேலாளரிடம் போட்டுக் கொடுத்ததும் இந்த ஆள்தான் என்று எழுத்தர் முடிவு கட்டினார். அவரோ, நான் மேலாளர் அறைப் பக்கமே போகவில்லை என்று சத்தியம் செய்தார். சத்தியத்துக்கு என்ன, வாய்க்கு வந்ததுதானே.

மறுநாள் 4417-இன் பதில் வந்தது. "'ஐயா, அழகான வெற்றுத்தாளுக்கு நன்றி. புள்ளிகள் இருந்திருந்தாலும் பயனில்லை. வயதான பிறகு பார்வை மங்கியவன் நான். பிரெய்ல் படித்ததில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காதால் கேட்கிற மாதிரி அனுப்பினால் போதும்.'"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாராம்," என்றார் மேலாளர். "இன்னிக்கு வியாழன். திங்களோட மாசம் முடியுது."

ஆபீசில் அச்சு இயந்திரம் இரையும், தொலைபேசி அலறும். அதனால் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வீட்டிலேயே பதிவு செய்தார் எழுத்தர். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, செய்தி வாசிப்பவரைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். பிறகு அதை ஒரு பென் டிரைவில் ஏற்றினார். திரும்பக் கேட்டுப் பார்க்க நேரமில்லை, பேருந்துக்கு நேரமாகிவிட்டது. தபால் பிரிவுக்காரரிடம் கொடுத்து, "இதை உருட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கும்பிட்டார். அவர் அன்று மாலையே வீடு போகிற வழியில் 4417-இன் வாசலில் சேர்த்துவிட்டார்.

சனிக்கிழமை மேலாளர் விடுப்பு. கோப்புக்கு ஒரு நகல் வேண்டுமென்று தட்டச்சுப் பெண்மணி எழுத்தரின் செல்போனிலிருந்து அந்தப் பதிவைக் கணினியில் போட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்துவிட்டார். தோள் குலுங்கியது.

"என்னம்மா ஆச்சு?"

அவர் பேச முடியாமல் ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்தார்.

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே," என்று கம்பீரமாகத் தொடங்கியது எழுத்தரின் குரல். உடனே கதவு திறக்கும் சத்தம். மனைவியின் குரல்.

"விடிஞ்சதும் விடியாததுமா இதென்ன கூத்து? எல்லாம் அந்த மேனேஜர் பண்ற வேலைதானே? கண்ணு இருக்குல்ல அவருக்கு? ஒரு காகிதத்தைத் தானே எடுத்துப் படிச்சா கிரீடம் கீழ விழுந்துடுமா?"

"நீ வேற! அந்த ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம். போ, கதவைச் சாத்து. ம்க்கும். மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே..."

கதவு திறந்ததும் பதிவை நிறுத்திவிட்டதாகத்தான் எழுத்தர் நினைத்திருந்தார். வாரியத்தின் முத்திரையோடு, பதிவு எண்ணோடு, தன் வாயாலேயே மேலாளரைத் திட்டி வெளியே அனுப்பியிருக்கிறார். அந்த 4417 ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிற ஆசாமி. இதற்கும் எழுதுவார். மேலாளர் "படிங்க" என்பார். தன் குரலாலேயே அதையும் படித்துக் காட்ட வேண்டும்! அணைக்கட்டுக் காற்று இப்போதே முகத்தில் அடித்தது.

பதிவேட்டைப் புரட்டினார். இணைப்பு ஒரு பெண்மணியின் பெயரில் இருந்தது. முகவரியைக் குறித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

மாடி வீடு. அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்பே உள்ளே தன் குரல் கேட்டது. "...எழுதப் படிக்கத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்..." அதைத் தொடர்ந்து யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமலை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

நரைத்த தலையோடு ஓர் அம்மா கதவைத் திறந்தார்.

"அம்மா, நான் குடிநீர் வாரியத்துலேருந்து வர்றேன். அந்த பென் டிரைவ் தப்பா வந்துடுச்சு. தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துடுங்க. ஐயா முழுசா கேட்டுட்டாரா?"

"காலையிலேருந்து நாலு தடவை ஆச்சு."

"ஐயோ! அம்மா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க. இது எங்க மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா என்னைத் தூக்கி அணைக்கட்டுல போட்டுடுவாரு. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அட, எதுக்குப் பதறுறீங்க? ஒவ்வொரு வார்த்தையும் புரியுதுன்னு அவருக்கு ஒரே சந்தோஷம். இந்தாங்க, 'திருப்தி'ன்னு அவர் சொல்ல நானே எழுதி வச்சுட்டேன்," என்று ஒரு தாளை நீட்டினார் அந்த அம்மா. "கையெழுத்துதான் பாக்கி. உள்ள வந்து எந்த இடம்னு விரல் வச்சுக் காட்டுங்க, போட்டுடுவாரு."

எழுத்தர் செருப்பைக் கழற்றப் போனவர், ஒற்றைக் காலில் அப்படியே நின்றார்.

அந்த அம்மா உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, 'படிங்க, படிங்க'ன்னு எங்க வீட்டுக்காரர் உங்க உயிரை எடுக்கறது கண்ணு தெரியாமத்தான்னு ஆபீசுல மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அவர் ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம் இருக்கு."