உப்புப் பார்க்காத கரண்டி

பருப்பில் உப்பு சரியா என்று கரண்டியக்காவுக்குத் தெரியவில்லை. அண்டா தளதளவென்று கொதிக்கிறது. ஆலைச் சங்கு ஊதிவிட்டால் ஒரு ஷிப்ட் ஆட்களும் தட்டோடு வந்து நிற்பார்கள். இத்தனை வருஷமாக உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தால் தீர்ந்தது வேலை. இன்று அந்த ஒரு சொட்டுக்கும் வழியில்லை. அவள் விரதம்.

சாமிக்கு இல்லை, முட்டிக்கு. மாலையில் சாப்பிட்டு முடித்தால் மறுநாள் மதியம் வரை பச்சைத் தண்ணீர் மட்டும். அப்படி இருந்தால் மூட்டு வீக்கம் வடியும் என்று அண்ணன் மகள் போனில் சொல்லியிருந்தாள். "நடுவுல நாக்குல ஏதாச்சும் பட்டுச்சுன்னா எல்லாம் வீண் அத்தை" என்று பயமுறுத்தியும் வைத்திருந்தாள். ஊரில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சொத்து சேர்ப்பார்கள். கரண்டியக்கா தன் இரண்டு முட்டிகளைச் சேர்க்கப் பார்த்தாள்.

வலி இருப்பது கேன்டீனில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவிட்டால்தானே? நிற்க முடியாத சமையல்காரியை எவன் அடுப்படியில் வைத்துக்கொள்வான்? புருஷன் போன பிறகு அவளுடையது என்று மிஞ்சியது அந்த அடுப்பு ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

காய் நறுக்குகிறவளைக் கூப்பிட்டாள். "ஏம்மா, இதுல உப்பு பாத்துச் சொல்லு."

"உங்க சமையலுக்கு நான் உப்பு பாக்கறதாக்கா?"

"சளி புடிச்சிருக்குடி. நாக்கு செத்துக் கிடக்கு."

அவள் ஒரு வாய் குடித்தாள். "ஐயையோ, ஒரே உப்புக்கா! வாயில வைக்க முடியல!"

கரண்டியக்கா பதறிப்போய் ஒரு குடம் வெந்நீரை அண்டாவில் கவிழ்த்தாள். அன்று ஆலையே சப்பென்று சாப்பிட்டுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனது. காய் நறுக்குகிறவள் ரத்தக்கொதிப்புக்காரி, அவள் வீட்டில் உப்பு வாங்கியே வருஷக்கணக்காகிறது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

மறுநாள் அதே சளியைச் சொல்லி, கேன்டீன் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோர்க்காரரைப் பிடித்தாள். வயசானவர், நிதானமானவர், நம்பலாம் என்று நினைத்தாள்.

"காரமே இல்லையேம்மா. இன்னும் ரெண்டு கை போடு."

போட்டாள். அவர் பச்சை மிளகாயைப் பழம் போலக் கடித்துத் தின்கிற ஆசாமி என்று யாராவது முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். அன்று மதியம் மெஷின் பக்கம் ஆளில்லை, எல்லோரும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

இனி ஊரை நம்பிப் பயனில்லை என்று தன் மூக்கையே நம்பினாள். மூக்குக்கு உப்பு எங்கே தெரியும்? போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்திலேயே இரண்டு தடவை போட்டாள்.

வரிசையில் நின்ற ஃபிட்டர் தட்டைத் தட்டினார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. இந்த உப்பளத்தை எங்கக்கா கொட்டுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். கரண்டியக்காவும் சிரித்து வைத்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், விரதம் பலித்தது. வாரங்கள் போகப்போக வீக்கம் வடிந்தது. மேடையைப் பிடிக்காமல் நின்றாள். படியில் கைப்பிடி இல்லாமல் இறங்கினாள். இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்தால் முழுசாகச் சரியாகிவிடும், அப்புறம் பழையபடி உப்புப் பார்க்கலாம் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க கைமணம் எங்கம்மா போச்சு? புகார் தாங்க முடியல. அடுப்புக்கு வேற ஆள் போட்டாச்சு. நாளையிலிருந்து நீங்க தட்டு கழுவுற பக்கம் போயிடுங்க."

"சார், இன்னும் ஒரு வாரம்..."

"ஆள் வந்தாச்சும்மா."

கல்லு மாதிரி உறுதியாகத் தேறிவிட்ட கால்களோடு வெளியே வந்தாள். அந்தக் கால்கள் மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பெரிய கரண்டியை ஒப்படைக்க ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர்க்காரர் அதை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, அந்தச் சளி இன்னுமா விடல?"

அதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சளியும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. முட்டி வலி. நிக்க முடியலன்னு தெரிஞ்சா அடுப்ப விட்டுத் தூக்கிடுவாங்கன்னு, யாருக்கும் சொல்லாம பட்டினி கிடந்து வைத்தியம் பாத்தேன். முட்டி வந்துடுச்சு, அடுப்பு போயிடுச்சு."

அவர் கரண்டியை ஆணியில் மாட்டினார். பிறகு மூலையைக் கை காட்டினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? உனக்கு முன்னால இருந்தவரு கடைசி வரைக்கும் உக்காந்துதான் சமைச்சாரு. ஆபீஸ்ல செஞ்சு குடுத்த உசரமான ஸ்டூல், யாரும் கேக்கலையேன்னு அதுமேலதான் வெங்காய மூட்டைய வச்சிருக்கேன்."