இல்லாத காமாலைக்குக் கீழாநெல்லி

பெரியநாயக்கன்பாளையம்,
12.8.1994

வால்பாறைச் சித்திக்கு, கோகிலவாணி வணங்கி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எருமையும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்துக்கும் சித்தப்பாவின் இருமல் குறையவும் மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டுப் பதறி நீங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. பதற வேண்டாம் சித்தி. எனக்கு வந்தது காமாலை அல்ல, லீவு.

புது பம்புக்கான ட்ராயிங்கை முடிக்கிறேன் என்று நான் ஞாயிற்றுக்கிழமைகூடக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு மத்தியானம் போர்டு மேலேயே தூங்கிப்போனேன். விழித்தால் எதிரில் மேனேஜர் சென்னியப்பன் சார் நிற்கிறார். என் நெற்றியில் செட் ஸ்கொயரின் முக்கோணம் அப்படியே பதிந்திருந்ததாம். "அம்மணி, ஒரு வாரம் ஊட்ல படுத்துத் தூங்குங்க. அதுக்குள்ள இந்த பம்பு எங்கியும் ஓடிப்போயிராதுங்க" என்று அனுப்பிவிட்டார்.

வந்துவிட்டேன், ஆனால் படுக்க முடிய வேண்டுமே! அம்மா விடியுமுன் எருமையைக் கறந்துவிட்டு ஃபவுண்டரிக்கு மண் சுமக்கப் போகிறாள். நான் இன்ஜினியரானதே அந்த மண்ணால்தான். அவள் கிளம்பும்போது நான் பாயில் கிடப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. அதனால் முந்தின நாள் துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைத்தேன். பக்கத்து வீட்டுப் பங்காரம்மா அக்கா மதில்மேல் தலையை நீட்டினார்.

"ஏங்கண்ணு, வேலைக்குப் போகலியா? பொண்ணு பாக்க வாராங்களா?"

"இல்லீங்க்கா."

"அப்ப வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்களா?"

சும்மா இருக்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "காமாலைங்க்கா" என்றேன்.

படித்தவள், நோயையாவது யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கலாம். தலைவலி என்றிருந்தால் தைலத்தோடு போயிருக்கும். பங்காரம்மா அக்கா தினமும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி, நான் விழுங்கி முடிக்கும்வரை நின்று பார்ப்பார். எண்ணெய் ஆகாது, உப்பு ஆகாது, தாளித்த வாசனைகூட ஆகாதாம். செய்தி தெருவெல்லாம் பரவி, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி கீழாநெல்லியோடு வந்தார்கள். அத்தனை பேருக்கும் நோயாளியான நானே காபி போட்டேன். வேலை செய்கிறோம் என்று அதில் எனக்கு ஒரு நிம்மதி வேறு! அம்மா மட்டும் என் கண்ணை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையக் கூட்டம். சென்னியப்பன் சாரும் கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பையோடு வந்துவிட்டார். "காமாலையா? நாந்தானுங்களே சும்மா படுத்துத் தூங்கச் சொல்லி அனுப்பிச்சேன்!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப நான் அரைச்ச கீழாநெல்லி?" என்றார் பங்காரம்மா அக்கா.

அம்மா சிரித்தாள். "எனக்கு மொதல் நாளே தெரியுமுங்க. கண்ணு வெள்ளை வெளேர்னு இருக்குது. பாயில படுக்க இவளுக்கு ஒரு நோவு வேணுமாட்ட இருக்குது, படுத்துக்கட்டும்னு உட்டுப்போட்டேன்."

"கீழாநெல்லியையாவது நிறுத்தியிருக்கலாமில்லம்மா?"

"அது பொய் சொன்னதுக்குங் கண்ணு."

எல்லாரும் போனபின் அம்மா பாயை விரித்து, "நீயும் வந்து படு" என்று எனக்கு முன்னே படுத்து, படுத்ததும் குறட்டை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா தூங்குவாள் என்பதே எனக்குத் தெரியாது சித்தி. எந்த ஞாயிறு நான் வீட்டில் இருந்தேன்? நானும் படுத்தேன். சாயங்காலம் எருமை கத்தித்தான் இருவரும் எழுந்தோம்.

இனி யார் கேட்டாலும் சும்மா இருக்கிறேன் என்று நிமிர்ந்து சொல்வதாக முடிவு செய்துவிட்டேன். சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
கோகிலவாணி

பி.கு.: கார்டில் நீங்கள் கூப்பிட்டபடி அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே சும்மா தூங்கிவிட்டுப் போக வருகிறேன். நீங்கள் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறேன். சார் ஆரஞ்சுப் பையோடு மலையேறி வந்தாலும் வருவார். தயவுசெய்து கொஞ்சம் நொண்டுங்கள்.