அம்மா சொன்ன 'ஆமா'க்கள்

பகல்கனவு காண்கிறவர்களிடம் இயந்திரத்துக்குப் பேச்சு சொல்லித்தரும் வேலையைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

தாம்பரத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். என் முதல் வேலை. கல்யாணங்களுக்குப் பூ அனுப்பும் கற்பகம் அக்காவின் கடைக்கு, போனில் ஆர்டர் எடுக்கும் தானியங்கிக் குரல் வேண்டும். அது என்ன கேட்கும், ஆட்கள் என்ன சொன்னால் என்ன செய்யும் என்று எழுதுவது என் பொறுப்பு. ஜன்னலுக்கு வெளியே மழை. மேகம் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி மெல்லிய வாக்கியங்களாக எழுதி, என் குரலிலேயே பதிவும் செய்தேன். (தூக்கம் வருகிறது என்றார் மேனேஜர். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.) விதி எளிது: 'ஆமா' என்று காதில் விழுந்தால் ஒரு கூடை மல்லி சேரும்.

கடையோடு இணைத்த அன்றே, பெருமை தாங்காமல் ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் இருந்த அம்மாவிடம், "இந்த நம்பருக்குப் பேசிப் பாரும்மா, சும்மா டெஸ்ட்டுக்கு" என்றேன். சோதனைக்காக எங்கள் விலாசத்தை அதில் முன்பே பதிந்திருந்தேன். அழிக்க மறந்திருந்தேன்.

அந்த உரையாடலைப் பிறகுதான் கேட்டேன்.

"வணக்கம். மல்லிகை வேண்டுமா?"

"ஆமா, நீ யாரும்மா?"

"மிக்க மகிழ்ச்சி. இன்னும் ஒரு கூடை சேர்க்கட்டுமா?"

"ஆமா, உன் குரல் எங்க பொண்ணு குரல் மாதிரியே இருக்கே!"

"மிக்க மகிழ்ச்சி. இன்னும் ஒரு கூடை சேர்க்கட்டுமா?"

"ஆமா, சாப்ட்டியா நீ?"

அம்மா யாரிடமும் சுருக்கமாகப் பேசியவள் அல்ல.

மாலை வீடு திரும்பினால் ஹாலைக் காணவில்லை. சோபா, கட்டில், வாஷிங் மெஷின் மேல் எல்லாம் மல்லிகைக் கூடைகள். மொட்டுகள் அவிழ்ந்துகொண்டிருந்தன. அந்த வாசனையில், வேலை போகப்போவதுகூட ஒரு கணம் அழகாகத்தான் தோன்றியது.

போன் அடித்தது. கற்பகம் அக்கா.

"இன்னாம்மா பண்ணி வெச்சிகீறே? குன்றத்தூர் கல்யாணத்துக்கு எடுத்து வெச்ச பூவு மொத்தமும் உன் வூட்லதான் கீதாம்! பொண்ணு மேடைக்கு வர்ற நேரம்!"

மினி வேன் பிடித்தோம். பின்னால் கூடைகளுக்கு நடுவே நான். சிக்னலில் பைக்கில் வந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரவேற்பு தாமதமானாலும் மணப்பெண் தலையில் பூ ஏறியது. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "மொதல்ல அந்தக் கொரல தூங்க வையி" என்றார்.

வேலை போகவில்லை, குரல்தான் போனது. மறுநாளிலிருந்து எண் ஒன்றை அழுத்தினால்தான் பூ.

பின்னொரு நாள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "ஆமா, பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று தொடங்க, அப்பா அடக்க முடியாமல், "மிக்க மகிழ்ச்சி!" என்றுவிட்டார். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் சம்மதித்தேன்.

இப்போது நான் யாரிடம் போனில் 'ஆமா' என்றாலும், சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் மேகம்போல் மிதந்து வருகிறது: "இன்னும் ஒரு கூடை சேர்க்கட்டுமா?"