மாடி வீட்டு வால்வு

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தப்புப் பண்ணக் கை நீள்கிறது. மன்னிப்பு என்று சொல்ல மட்டும் வாய் வலிக்கிறது. மாடி வீட்டுக்காரி அப்படித்தான். அவள் பிழியாமல் கொடியில் போட்ட துணி சொட்டி, கீழே பூட்டு ரிப்பேர்க்காரர் வெயிலில் வைத்த மெத்தை ஊறிப்போனது.

"தண்ணிதானே பெரியவரே, காஞ்சுடும்."

"தண்ணிதானா? இருடி!" என்று முனகியவர், மாடிக்குப் போகும் குழாயின் வால்வைச் சத்தமில்லாமல் மூடினார்.

மூடிய நாளிலிருந்து பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வாய்தான் அசைந்தது. மனைவி போன பிறகு மனம் விட்டுப் பேசக் கடவுள் ஒருவர்தான் மிச்சம். இப்போது அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே, மாடிக்காரி வாளி தூக்கிப் படியேறும் மூச்சிரைப்பு.

"தப்புதான் சாமி. திறந்துடறேன். நீ பழையபடி பக்கத்துல வந்து உட்காரு."

திறந்தார். மாடிக்காரியும் அவள் மாமியாரும் வெளியே போயிருந்தார்கள். தண்ணீர் வராத குழாயை யார் மூடி வைப்பார்கள்? கழுவாத பாத்திரங்கள் வேறு தொட்டியை அடைத்துக் கிடந்தன. தண்ணீர் தரையெல்லாம் ஓடி, கீழே இறங்கி, படுத்திருந்தவர் மண்டையில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது.

"மன்னிப்புக் கேட்டா இதுவா பதிலு?"

சாமியிடம் கேட்டது செல்லாது போலிருக்கிறது. அவளிடமே கேட்டுத் தொலைப்போம் என்று, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படியேறினார்.

வீடு திரும்பியிருந்த அவள் தரையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "தண்ணி வந்துடுச்சு பெரியவரே! எத்தனை அழுது வேண்டினேன், கடவுள் காது குடுத்துட்டார்!"

இதைப் போய்க் கெடுப்பதா என்று தயங்கினார். சாமியும் வராத வெறும் வீடு ஞாபகம் வந்தது.

"கடவுள் இல்லம்மா. மூடினதும் நான், திறந்ததும் நான். மன்னிச்சுடு."

அவள் முகம் கறுத்தது. கண் அவர் தலைக்கட்டில் போய் நின்றது.

"தலைல என்ன?"

"கூரை பேந்து விழுந்துடுச்சு."

"ஐயையோ! மன்னிச்சுட்டேன், எப்பவோ மன்னிச்சுட்டேன்! போய்ப் படுங்க!" என்று கதவைச் சாத்தினாள்.

மன்னிப்பு இத்தனை மலிவா? நம்பிக்கையில்லாமல் படியிறங்கினார். காது மந்தமான மாமியாரின் குரல் கதவைத் தாண்டி வந்தது:

"தண்ணி கேட்டா வேண்டின? நிறுத்தினவன் தலையில கூரை இடிஞ்சு விழணும்னுல்ல வேண்டின! சீக்கிரம் வாபஸ் வாங்குடி, அந்தக் கூரை மேலதான் நாம நிக்கிறோம்!"