கேமரா வாங்கப்போகிறவர்

மனிதர்களைக் கேமரா வைத்திருப்பவர், வைத்திருக்காதவர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் நீங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்ததில்லை. இங்கே மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. கேமரா வாங்கப்போகிறவர். முதல் ரகத்தாரிடம் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லலாம். இரண்டாம் ரகத்தாரை நிற்கவைத்து நீங்களே எடுக்கலாம். மூன்றாம் ரகத்தாரிடம் இரண்டுமே நடக்காது. நின்று கேட்டுக்கொண்டிருக்க மட்டுமே முடியும், அதுவும் கால் கடுக்க.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண வரவேற்போ, மாதா கோயில் தேர்த் திருவிழாவோ, யூனியன் ஆண்டு விழாவோ, எதுவாக இருந்தாலும் சரி, படம் எடுத்துக்கொண்டிருக்கும் ஸ்டுடியோக்காரருக்கு ஒரு முழம் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பரிதாபமும் ஏளனமும் கலந்த முகத்தோடு ஒருவர் நிற்பார். அவர்தான். ஸ்டுடியோக்காரர் தெரியாத்தனமாகத் திரும்பினால் தொலைந்தார். செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் எடுக்கும் என்று கேட்பார். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், நூறு மீட்டர் ஓடவில்லையே என்று ஸ்டுடியோக்காரர் யோசிப்பதற்குள், "சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன், வாங்கப் போறேன்" என்று அடுத்த குண்டு வந்து விழும்.

இந்த ரகத்தின் கலப்படமில்லாத மாதிரி எங்கள் பிளாக்கிலேயே, எங்கள் வரிசையிலேயே, எனக்கு நான்கு குவார்ட்டர்ஸ் தள்ளியே கிடைத்தது. பெயர் சேவியர்ராஜ். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பெர்மனன்ட். நிலக்கரியை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பெல்ட்டை ஷிப்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது வேலை. ஓடுவதையே பார்த்துப் பார்த்துப் பழகியவருக்கு, ஓடுவதை நிறுத்திக் காட்டும் கருவி மேல் மோகம் வந்ததில் என்ன ஆச்சரியம்?

மோகத்துக்குக் காரணம் ஒன்று உண்டு. நியாயமான காரணம், அதை மறைக்கக் கூடாது. அவருடைய ஒரே மகள் நான்சி ஒன்பதாவது படிக்கும்போது நீளம் தாண்டுதலில் இறங்கினாள். பள்ளி விளையாட்டு விழாவுக்கு சேவியர்ராஜ் குடும்பத்தோடு போனார். அப்போது அவர் கையில் இருந்தது குவைத்திலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த, தீப்பெட்டிக்கு அண்ணன் போன்ற ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. அதில் பொத்தானை அமுக்கினால் உடனே படம் எடுக்காது. கொஞ்சம் யோசிக்கும். முன்னால் இருப்பது மனிதரா மரமா என்று தீர விசாரித்து, பிறகு மனம் வந்தால் எடுக்கும். அதற்குள் நான்சி ஓடிவந்து, பறந்து, விழுந்து, எழுந்து போய்விட்டாள். படத்தில் விழுந்திருந்தது மணல். நடுவில் ஒரு பள்ளம்.

பத்தாம் வகுப்பில் மறுபடியும் மணல். இந்த முறை பள்ளத்தோடு, அளவெடுக்கும் டேப்பைப் பிடித்திருந்த பி.டி. மாஸ்டரின் முதுகும் கிடைத்தது. சேவியர்ராஜ் சளைக்கவில்லை. கேமரா தாமதிக்கும் என்றால் நாம் முந்திக்கொள்வோம் என்று விரலைப் பழக்க ஆரம்பித்தார். ஷிப்ட் பஸ் வளைவில் திரும்பும்போதே அமுக்குவார். மைதானத்தில் நான்சி ஓடத் தொடங்கும்போதே அமுக்குவார். பதினொன்றாம் வகுப்பில் அவளுடைய பின்னலின் நுனி படத்தின் ஓரத்தில் கிடைத்தது. வீட்டில் அதற்குக் கேசரி செய்தார்கள்.

ஆனால் இது தீராத வியாதி என்பது முதல் மணலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. லென்ஸ் மாற்றுகிற பெரிய டிஜிட்டல் கேமரா வேண்டும். பத்திரிகைக்காரர்கள் கிரிக்கெட் மைதானத்தில் தோளில் சாத்தி வைத்திருப்பார்களே, அந்த ஜாதி. முடிவெடுத்தது நான்சி ஒன்பதாவது முடிக்கும்போதே. வாங்கியது? அவசரப்படாதீர்கள். "அவசரப்படாதீங்க" என்பதுதான் இந்த ரகத்தாரின் ஜெபம். காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம்.

ஆஃப் நாளில் மெயின் பஜார் பிரௌசிங் சென்டரில் போய் உட்காருவார். அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் வீட்டு நாய் ஓடுவதைப் படம் எடுத்துவிட்டு எழுதிய கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவார். ஷிப்ட் பஸ்ஸில் அதைப் பக்கத்து சீட்காரருக்கு விளக்குவார். பக்கத்து சீட்காரர் தூங்கிவிட்டால் பின் சீட்காரருக்கு. கழுத்துப் பட்டையில் சிவப்பு எழுத்துப் போட்ட கம்பெனி நல்லதா, மஞ்சள் எழுத்துப் போட்ட கம்பெனி நல்லதா என்று எங்கள் பஸ்ஸில் நடந்த விவாதத்தில், யூனியன் தேர்தலில் கூடச் சண்டை போடாத இரண்டு பேர் பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் வீட்டில் டார்ச் லைட் கூடக் கிடையாது.

பாண்டிச்சேரிக் கடைக்குப் போவார். விற்பனையாளர் மூன்று கேமராவை எடுத்து மேஜை மேல் வைப்பார். சேவியர்ராஜ் ஒவ்வொன்றையும் கண்ணில் வைத்து, ஓடுகிற ஃபேனைப் படம் எடுத்து, றெக்கை நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்கும். சந்தோஷமாகத் தலையாட்டுவார். அப்புறம் அடுத்த மாடல் எப்போது வருகிறது என்று கேட்பார். பாவம், அந்த விற்பனையாளர் முதல் தடவை உண்மையைச் சொல்லிவிட்டார். ஆறு மாதத்தில் வரலாம் என்றார். அதிலிருந்து அந்தக் கடையில் சேவியர்ராஜ் நுழைந்தாலே ஃபேனை நிறுத்திவிடுவார்கள் என்று கேள்வி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் வாங்கிவிடுவார்கள். எதிர் வீட்டுக் கொளஞ்சியப்பன் அப்படித்தான் வாங்கினார். எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் காடாம்புலியூர். கேமரா ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. ஒரு சாயங்காலம் டீ குடிக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். எந்த மாடல், எந்த லென்ஸ் என்று சேவியர்ராஜ் சொல்லி முடித்ததும் எழுந்து போய், மறு வாரமே அந்த மாடலை, அந்த லென்ஸோடு வாங்கிவந்து நிறுத்தினார். சேவியர்ராஜுக்கு வயிறு எரிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கொளஞ்சியப்பனை உட்காரவைத்து அந்தக் கேமராவின் குறைகளை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னார் என்று மட்டும் சொல்கிறேன்.

குறைகளில் தலையாயது இது. விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்தால் கேமரா படபடவென்று எடுக்கும். ஆனால் எடுத்ததை உள்ளே இறக்கும்வரை வாயில்தான் அடக்கி வைத்திருக்கும். "இதுக்கு நாலு வாய்தான் கொள்ளும் கொளஞ்சி. அஞ்சாவது வாய் குடுத்தா செவப்பு லைட்டப் போட்டுட்டு மென்னுகினு நிக்கும். அதனால முன்னாடியே அமுக்கிடாத. கடைசி நிமிசத்துல அமுக்கணும்" என்றார். எப்பேர்ப்பட்ட வார்த்தைகள்! இதை எழுதி அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டிருக்கலாம்.

கொளஞ்சியப்பன் சரிண்ணே என்றார். கேமராவின் தலையில் இருந்த சக்கரத்தை, ஓடுகிற மனிதன் படம் போட்ட இடத்துக்குத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு அதை அவர் தொடவே இல்லை. விளையாட்டுக்கான அந்த ஏற்பாட்டிலேயே மாமியாரை எடுத்தார், முந்திரித் தோப்பை எடுத்தார், மரத்தில் அசையாமல் தொங்கிய பலாப்பழத்தை எடுத்தார். எல்லாம் நன்றாகவே வந்தன. பலாப்பழத்துக்கு இவ்வளவு ஷட்டர் ஸ்பீடு எதற்கு என்று சேவியர்ராஜ் ஒரு வாரம் புழுங்கினார்.

இப்படியே நான்சி பன்னிரண்டாவது வந்துவிட்டாள். அடுத்த வருஷம் இன்ஜினியரிங் காலேஜ், ஹாஸ்டல். தாண்டுவது இதோடு சரி என்று அவளே சொல்லிவிட்டாள். நம் ஸ்டேடியத்திலேயே மாவட்ட அளவிலான போட்டி, அதுதான் கடைசி. சேவியர்ராஜ் அப்போது ஒரு புதிய செய்தியோடு வீட்டுக்கு வந்தார். ஜூனில் அடுத்த மாடல் வருகிறதாம். போட்டி ஜனவரியில்.

அவர் மனைவி அன்னமேரி அதுவரை இந்த விவகாரத்தில் வாய் திறந்தவர் இல்லை. அன்றைக்குத் திறந்தார். ஜன்னல் திறந்திருந்ததால், அந்தப் பக்கமாக நடந்துபோன எனக்கும் கேட்டது.

"மூணு வருசமா பாத்துகினே கீறீங்க. எனக்கு ஒரு மெகாபிக்சலும் வாணாம். எம்பொண்ணு மண்ணுல கெடக்காம மேல பறக்கற மாதிரி ஒரே ஒரு போட்டோ. அது இல்லாம அவள ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டு, இந்த வூட்டுல நான் பள்ளத்தப் பாத்துகினு குந்தியிருக்க முடியாது."

மறுநாளே சேவியர்ராஜ் பாண்டிச்சேரிக்குப் போனார். வாங்கியே விட்டார். எந்த மாடல் தெரியுமா? கொளஞ்சியப்பனிடம் இருந்த அதே மாடல். அதே லென்ஸ். மற்றதெல்லாம் ஸ்டாக் இல்லையாம். கடையில் இனிப்பு கொடுத்தார்கள் என்று கேள்வி. கேமராவைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஃபாதரிடம் மந்திரித்து வாங்கினார். சுரங்கத் தூசி படாமல் இருக்க அதை ஒரு உறைக்குள் போட்டு, அந்த உறையை இன்னொரு உறைக்குள் போட்டு, அதை அன்னமேரியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்தார்.

போட்டி அன்று பி ஷிப்ட்டை வேறொருவரோடு மாற்றிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். மணல் குழிக்கு ஒரு பக்கம் கயிறு கட்டியிருந்த இடத்தில், புதுப் பட்டை கழுத்தை அறுக்க, அவர். எதிர்ப் பக்கம் கேலரிப் படியில் வறுத்த முந்திரிப் பொட்டலத்தோடு கொளஞ்சியப்பன், மடியில் அவருடைய கேமரா. அன்னமேரியும் நானும் அதே படியில் கொளஞ்சியப்பனுக்குப் பக்கத்தில்.

நான்சியின் முதல் தாண்டலின்போது சேவியர்ராஜ் வெயிலுக்குத் தக்கபடி கேமராவைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டாவதில் கொடி பிடித்த நடுவர் குறுக்கே வந்தார். அடுத்தடுத்து மேகம், லென்ஸ் மூடி, ஒரு தவறான தாண்டல். கடைசித் தாண்டல் வந்தது. நான்சி ஓடுபாதையின் கோடியில் நின்று கையை உதறினாள். சேவியர்ராஜ் கண்ணை இடுக்கிக்கொண்டார். அன்னமேரி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் ஓடத் தொடங்கினாள். அமுக்கிவிட்டார் மனுஷர்.

மூளை படித்ததை விரல் படிக்கவில்லையே. அந்தச் சோம்பேறிச் சின்னக் கேமராவோடு மூன்று வருஷம் முந்திக்கொள்ளப் பழகிய விரல் அது. பெரிய கேமராவோ சொன்ன சொல் தட்டாதது. டக் டக் டக் டக் என்று நான்கு எடுத்தது. நான்சி ஓடுகிறாள், ஓடுகிறாள், இன்னும் ஓடுகிறாள், பலகைக்கு ஐந்தடி முன்னால் ஓடுகிறாள். வாய் நிறைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. கேமரா மெல்ல ஆரம்பித்தது.

சேவியர்ராஜ் என்ன செய்வார்? கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். எதிரே நான்சி பலகையை மிதித்து எழும்பினாள். அடுத்து நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்த மனிதர் வாயைப் பிளந்துகொண்டு மகளைப் பார்த்தார். மூன்று வருஷமாக ஒவ்வொரு போட்டிக்கும் தவறாமல் வந்தவர், அவள் தாண்டுவதை வெறும் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான்சி மணலைத் தட்டிக்கொண்டு நேராக அவரிடம்தான் ஓடினாள். "வந்துச்சாப்பா?" என்று கத்திக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. அவள் என்னவோ சொல்லி அவர் தோளைத் தட்டினாள். தூரத்திலிருந்து பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் பக்கத்திலிருந்து கொளஞ்சியப்பனின் குரல். "நான் ஒண்ணு எடுத்தேங்க. என்னா வந்துதோ தெரியல." ஒரு கையில் முந்திரி இருந்ததால் ஒரே ஒரு தடவைதான் அமுக்க முடிந்ததாம்.

அந்தப் படம் இப்போது சேவியர்ராஜ் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். நான்சி குழிக்கு மேலே, இரண்டு காலும் தரையில் படாமல், கையை விரித்துக்கொண்டு அந்தரத்தில் இருக்கிறாள். ஆனால் கேமரா அவளை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பிடித்துக்கொண்டது. அதனால் அவள் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கிறாள். பின்னால், கயிற்றுக்கு அந்தப் பக்கம், மீசை முடியைக்கூட எண்ணிவிடலாம் என்கிற துல்லியத்தில், கேமராவைத் தொங்கவிட்டுவிட்டு, உலகத்தையே மறந்து வாய் பிளந்து நிற்கிறார் அவளுடைய அப்பா.

வருகிறவர்களுக்கெல்லாம் சேவியர்ராஜ் அதைக் காட்டுவார். பெருமையாக அல்ல. சுட்டுவிரலால் தன் முகத்தையே தொட்டு, "ஃபோகஸ் தப்பு. எங்க வுழுந்திருக்கு பாருங்க" என்பார். சக்கரத்தை ஓடுகிற மனிதனிலேயே வைத்து எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பார். பிறகு, ஒன்பது படம் வாய் கொள்ளும் மாடல் ஒன்று ஜூனில் வந்துவிட்டது, ஆனால் அவசரப்படக் கூடாது என்பார்.

அன்னமேரி காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நான்சி ஹாஸ்டலுக்குப் போகும்போது இந்தப் படத்தில்தான் ஒரு பிரதி போட்டு எடுத்துப் போனாள். வேறு நல்ல படமாக, மெடலோடு நிற்கிற படமாகக் கொண்டு போகலாமே என்று அப்பா கேட்டதற்கு, "அதுல நீ இல்லையேப்பா" என்றாளாம். இதை அவர் எனக்குச் சொல்லும்போது லென்ஸைத் துடைப்பது மாதிரி வேறு எதையோ துடைத்துக்கொண்டார்.

சரி, சிரித்தது போதும். உங்களை ஒன்று கேட்கிறேன். மெடல் என்றேனே, அது எந்த இடத்துக்கு என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றியதா? இல்லை, சிவப்புப் பட்டையா மஞ்சள் பட்டையா, என்ன மாடல், அதற்கு இப்போது என்ன விலை என்று தோன்றியதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அவளுக்கு இரண்டாம் இடம். நாளைக் காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள். சேவியர்ராஜுக்குப் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கிறது.