மிளகாய்க் கமெண்டுக்குச் செவ்வாய்க்கிழமை

ஃபேஸ்புக் கமெண்டுக்கு டோக்கன் கொடுத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலையாள எல்லையோரம் இருக்கும் எங்கள் ஊர் எலப்புள்ளியின் டோக்கன் அண்ணன். வேறு யாராவது இருப்பதாக உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் இருக்க மாட்டார்.

மாவு மில் வைத்திருந்தார். பக்கத்துக் கடையில் நான் போஸ்டரும் ஃப்ளெக்ஸும் அடித்துக்கொண்டிருந்தேன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. டின்னை வைத்துவிட்டு நம்பர் அடித்த தகரத் துண்டு ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மில்லின் சட்டம். பஞ்சாயத்து மெம்பர் வந்தாலும் தகரம்தான். முறுக்குக்கு மாவு வேண்டுமென்று அவர் மனைவியே வந்தபோது, "பதினேழுங்க, பதினோரு மணிக்கு மேல வாங்க" என்று நீட்டினார். அந்த அம்மாள் அன்றைக்கு முறுக்கே சுடவில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. இருப்பது ஒரே மெஷின் என்பதால் மிளகாயும் மல்லியும் செவ்வாய்க்கிழமை மட்டும். புதன் காலையில் முதல் வேலையாக ஒரு படி நொய்யரிசியை ஓட்டி மெஷினைச் சுத்தம் செய்வார். மிளகாய் வாடையோடு வரும் அந்த மாவை எனக்கு இலவசமாகத் தருவார், பசை காய்ச்ச. அந்தப் பசையில் ஒட்டிய போஸ்டரை எலப்புள்ளியில் எந்த ஆடும் தின்றதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கடைக்குக் கடை பாக்கெட் மாவு வந்து தொங்கியது. மில்லில் டின்கள் குறைந்தன. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணா, ஆன்லைன்ல இல்லீனா இனி மில்லு நிக்காதுங்க. ஒரு பேஜ் ஆரம்பிச்சரலாம்."

"எனக்கு நேரம் ஏதுங்க தம்பி? மூணு மணிக்கு மோட்டாரு சூடு ஆறட்டும்னு கால் மணி நேரம் நிறுத்துவேன். அத வேணும்னா உங்க ஃபேஸ்புக்குக்குத் தர்றேன்."

அந்தக் கால் மணி நேரத்தைத் தாண்டி அவர் ஒரு நிமிஷம்கூட போனைத் தொட்டதில்லை. பேஜ் ஆரம்பித்த அன்றே, "சேட்டா, கம்பு பொடிச்சு தருமோ?" என்று, கம்பு அரைத்துத் தருவீர்களா என ஒருவர் மலையாளத்தில் கேட்டார். அண்ணன் யோசித்து யோசித்து ஒற்றை விரலால் தட்டினார்: "டோக்கன் 1. நாளை மூன்று மணிக்குப் பதில்." குட் மார்னிங் சொன்னவருக்கு டோக்கன் 2. அவருக்கு மறுநாள் மதியம் மூன்று மணிக்குக் குட் மார்னிங் போனது.

ஊர் இதை ரசிக்க ஆரம்பித்துவிட்டது. டோக்கன் வாங்குவதற்காகவே காலேஜ் பசங்கள் கமெண்ட் போட்டார்கள். "எனக்கு எப்பக் கல்யாணம் ஆகும்?" என்று ஒருவன் கேட்டு டோக்கன் 31 வாங்கினான். மறுநாள் பதில் வந்தது: "31. அது நம்ம மில்லுல அரைக்கறதில்லீங்க." அந்த ஒரு பதிலுக்காகவே பக்கத்து ஊர் கஞ்சிக்கோட்டிலிருந்துகூட ஆட்கள் டின்னோடு வந்தார்கள்.

ஒருநாள் யாரோ மாவு கொரகொரவென்று இருப்பதாகத் திட்டினார்கள். அண்ணன் அதற்கு மட்டும் செவ்வாய்க்கிழமை டோக்கன் போட்டார்.

"இது காரமுங்க தம்பி. மொளகா அரைச்ச கையோட அரிசியப் போட்டா அரிசியும் கெட்டுப்போகும். திட்டுனவிங்களுக்குப் பதில் எழுதிப்போட்டு, அதே கையில நல்லது சொன்னவிங்களுக்கு எழுதுனா நல்லாவா இருக்கும்?"

செவ்வாய் வருவதற்குள் திட்டியவர்களில் பாதிப்பேர் திட்டியதையே மறந்திருப்பார்கள். நானோ யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிற ரகம். எனக்கு இந்த ஏற்பாடு கோழைத்தனமாகத்தான் பட்டது.

பேஜ் நன்றாக ஓடியதும் எனக்கு ஆசை அடங்கவில்லை. ஒரு புதன்கிழமை காலை, மில் திறந்தவுடன் போனைத் தூக்கிக்கொண்டு போய் லைவ் போட்டேன். "அண்ணா, இங்க பாருங்க! சிரிங்க! ராகியப் பத்தி நாலு வார்த்த பேசுங்க!" என்று படுத்தி எடுத்தேன். பாவம், அவரும் பேசினார். பேசிக்கொண்டே முதல் டின் ராகியை மெஷினில் கொட்டினார். நொய் ஓட்டவில்லை. அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் பேஜில் ஒரு பெண் எழுதியிருந்தார்: "ஒம்பது மாசக் கொழந்தைக்கு உங்க மில்லு ராகியில கூழ் காய்ச்சிக் குடுத்தேன். வாய் எரிஞ்சு அழுதுட்டே இருக்குது. மாவுல மொளகா."

நான் போனோடு மில்லுக்கு ஓடினேன். அண்ணன் இரண்டு தடவை படித்தார். முகம் சுண்டிப்போனது.

"செவ்வாக்கெழம டோக்கன் போட்டுருங்க" என்றார். மில்லைப் பூட்டினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். வேலை நேரத்தில் அவர் மில்லைப் பூட்டி நான் பார்த்ததில்லை. பயந்து ஓடுகிறார் என்று நினைத்தேன்.

டோக்கனாவது ஒன்றாவது! பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. மில் பெயரில் நானே பதில் போட்டேன்: "உங்க ஊட்டு டப்பாவுல மொளகா இருந்திருக்கும். எங்க மில்லு மேல பழி போடாதீங்க."

சாயங்காலத்துக்குள் ஊரே பேஜில் வந்து காறித் துப்பியது. வெள்ளிக்கிழமை மில்லுக்கு வந்தது ஒரே ஒரு டின். சனிக்கிழமை அதுவும் இல்லை. பஞ்சாயத்து மெம்பர் வந்து, "கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்தாங்கன்னா லைசென்ஸ் போயிருமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் காலி மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் போட்ட பதிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என்னை இன்னும் கொன்றது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு என் கடைக்கு வந்தார். "மொளகாக் கமெண்ட எடுங்க தம்பி." அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"தப்பு என்ற மேலதானுங்க. பொதங்கெழம காலைல நொய் ஓட்டாம ராகியக் கொட்டிப்போட்டேன். நம்ம பேஜுல இருக்கற வீடியோவுலயே அது தெரியுது, எல்லாரும் பாருங்க. அம்மிணி, உங்க ஊட்டுல அந்த மாவ வாயில போட்டுப் பாத்தேன், காரந்தான். மேல இருக்கற பதிலும் மில்லு பேர்ல வந்தது. அதுக்கும் நானே மன்னிப்புக் கேக்கறேன்."

அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணே எழுதிவிட்டார்: "அண்ணன் வியாழக்கெழமையே சைக்கிள்ல வந்துட்டாரு. கொழந்தைய டாக்டர்கிட்டக் காட்டி, ராத்திரி அது தூங்கற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தாரு. கொழந்த நல்லா இருக்குது. நாளைக்கு ராகி கொண்டு வர்றேன்."

மறுநாள் காலையில் அவர் நொய் ஓட்டி முடிப்பதற்குள் டின் வரிசை என் கடை வாசலைத் தாண்டியிருந்தது. எனக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. மோட்டார் நின்றதும் போய்க் கேட்டேன்.

"அண்ணா, லைவ் போடச் சொல்லிப் படுத்துனவன் நான். அசிங்கமாப் பதில் போட்டதும் நான். எழுதும்போது அதைச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

அண்ணன் மெஷின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தபடியே சொன்னார். "வியாழக்கெழமையே எழுதியிருந்தா உங்க பேரையுந்தான் எழுதியிருப்பேனுங்க தம்பி. அன்னைக்கு உங்க மேல அத்தன கோவம். அஞ்சு நாள்ல அது போயிருச்சு."

அவர் எழுதாமல் விட்டதை இன்று நானே எழுதிவிட்டேன். போனைப் பிடித்திருந்தவன் பக்கத்துக் கடைக்காரன். அவனை அந்த மனிதர் கடைசிவரை தம்பி என்றுதான் கூப்பிட்டார்.